ஒரு வாரமா, மூன்று மாதமா, ஆறு மாதமா: பிள்ளையை எந்த எக்ஸ்சேஞ்சில் அனுப்புவது?

என் மகன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு ஜிம்னாசியத்தில், அதாவது பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்கிற பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். போன வாரம் பள்ளியிலிருந்து இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். வேறு நாட்டுப் பள்ளிகளோடு பிள்ளைகளை மாற்றி அனுப்புகிற எக்ஸ்சேஞ்ச் அடுத்து என்னென்ன இருக்கிறது, எதற்கு எந்தத் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தார்கள். இதே மாதிரித் தாள் மூன்று வருடத்துக்கு முன் மகளுக்கும் வந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் விசாரித்தால் மூன்று கேள்விதான் திரும்பி வந்தது: செலவு எவ்வளவு, பாஸ்போர்ட் ஒத்துவருமா, சாப்பாட்டுக்குப் பிள்ளை என்ன செய்யும். மூன்றுமே நியாயமான கேள்விகள், செலவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறகு வருகிறேன். ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய நாலாவது கேள்வி ஒன்று இருந்தது, மகள் போய்த் திரும்பிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. ஐரோப்பா என்றால் இந்தப் பிள்ளையின் மனசில் என்ன பதியப்போகிறது?

நம் பிள்ளைகள் ஐரோப்பாவை நிறையவே சுற்றியிருக்கிறார்கள். ஈஸ்டர் லீவுக்கு பாரிஸ், ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் சுவிட்சர்லாந்து, கோடையில் இத்தாலி. பத்து நாட்டுக் கொடியைப் பார்த்தவுடன் சொல்லுவார்கள். ஆனால் அந்தப் பத்தில் ஒரு நாட்டிலாவது ஒரு வீட்டுக்குள் நுழைந்து, காலையில் யார் முதலில் எழுந்திருக்கிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள், மாதக் கடைசியில் எந்தச் செலவைக் குறைக்கிறார்கள் என்று பார்த்திருக்க மாட்டார்கள். இவர்கள்தான் இங்கே வாழப்போகிறவர்கள், வேலைக்குப் போகப்போகிறவர்கள், சிலர் ஓட்டும் போடப்போகிறவர்கள். அதனால் எக்ஸ்சேஞ்சை பிரெஞ்சு மார்க்குக்காகவோ பயோடேட்டாவில் ஒரு வரி சேர்ப்பதற்காகவோ நான் பார்க்கவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை நாள் என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். நம் பிள்ளை போய்த் தங்குகிற வீட்டுப் பிள்ளை நம் வீட்டுக்கும் வந்து தங்குமா என்பதை முதலில் பாருங்கள். தங்கும் என்றால் ஒரு வாரம் கூட வீண் போகாது, தங்காது என்றால் ஆறு நாடு சுற்றினாலும் அது சுற்றுலாதான். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதிக் கதை.

தாளில் முதலில் இருந்தது வகுப்போடு சேர்ந்து போகிற ஒரு வாரப் பயணம். இருபது இருபத்தைந்து பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், பிரான்சில் ஒரு பங்காளிப் பள்ளி. ஆளுக்கொரு வீட்டில் தங்கல், சில மாதம் கழித்து அந்தப் பிள்ளைகள் இங்கே வருவார்கள். நாங்கள் இருக்கிற பகுதியில் இதற்கு வேர் ஆழம். பக்கத்து ஊரான லூட்விக்ஸ்பர்க் 1950 லேயே பிரான்சின் மோன்பெலியார் நகரத்தோடு நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. போர் முடிந்து ஐந்தே வருடம்! இரண்டு நாட்டு ஊர்களுக்கு இடையில் அப்படி ஏற்பட்ட முதல் உறவு அது. 1962 செப்டம்பர் 9 அன்று அதே லூட்விக்ஸ்பர்க் அரண்மனை முற்றத்தில் பிரெஞ்சு அதிபர் டி கோல் ஜெர்மன் இளைஞர்களைப் பார்த்து, கையில் காகிதம் இல்லாமல், ஜெர்மன் மொழியிலேயே பேசினார். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாக இருந்த மனிதர் அவர். அடுத்த ஜனவரி 22 அன்று அவரும் ஜெர்மன் சான்சலர் அடெனவரும் இரண்டு நாட்டு நட்புக்கான எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அந்த 1963 ஜூலையிலேயே பிரெஞ்சு ஜெர்மன் இளைஞர் அலுவலகம் தொடங்கியது. இதுவரை 90 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அந்த அலுவலகத்தின் உதவியோடு எல்லை தாண்டிப் போய் வந்திருக்கிறார்கள். இன்றைக்கும் பள்ளிகள் இந்தப் பயணங்களுக்கு உதவித்தொகை கேட்பது அங்கேதான்.

அதனால் ஒரு வாரப் பயணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. செலவும் குறைவு, ரயில் அல்லது பஸ் காசு, இரண்டு மூன்று இடத்துக்கு நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. மகள் எட்டாம் வகுப்பில் அப்படித்தான் முதலில் போனாள். குறை என்னவென்றால், பகல் முழுக்க ஜெர்மன் பிள்ளைகள் ஒரே கூட்டமாகத்தான் இருந்தார்கள். மேயர் வரவேற்பு, மியூசியம், சீஸ் தொழிற்சாலை, மறுபடி பஸ். பிரெஞ்சு பேசியது இரவுச் சாப்பாட்டு மேசையில் மட்டும். திரும்பி வந்து அவள் சொன்னதெல்லாம் அவர்கள் இரவு எட்டு மணிக்குத்தான் சாப்பிடுகிறார்கள், கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்கிறார்கள், பள்ளி சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் நடக்கிறது என்பதுதான். வித்தியாசங்களைக் கண்டுவிட்டாள், அவற்றுக்கான காரணம் ஒன்றும் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்கு இது நேர்மாறான விளைவைக் கூடத் தரும். போகும்போது மனசில் என்ன கேலிச்சித்திரம் இருந்ததோ அதையே உறுதி செய்துகொண்டு திரும்புவார்கள். ஆனாலும் தெரியாத வீட்டில் தூங்கி எழுகிற பயம் அந்த ஒரு வாரத்தில் போய்விட்டது, பதின்மூன்று வயசுக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் வந்தது மூன்று மாதத் திட்டம். பிரிஜித் சோஸே என்கிற பெண்மணியின் பெயரில் நடக்கிறது. பொம்பிடு, ஜிஸ்கார், மித்தராண் என்று மூன்று பிரெஞ்சு அதிபர்களுக்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறகு ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடருக்கு ஆலோசகராக இருந்தவர். 1989 லிருந்து இருக்கிற திட்டம், எட்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை போகலாம். குறைந்தது 84 நாள் அங்கே, அதே அளவு நாள் அந்தப் பிள்ளை நம் வீட்டில். இடையில் ஏஜென்சி என்று யாரும் கிடையாது. இளைஞர் அலுவலகத்தின் இணையதளத்தில் சின்ன விளம்பரம் மாதிரி ஒன்று போட்டு, வருகிற பதில்களைப் படித்து, பிள்ளைகளும் பெற்றோர்களும் வீடியோவில் பேசி, இரண்டு பள்ளிகளின் சம்மதத்தையும் நாமே வாங்க வேண்டும். பயணச் செலவில் ஒரு பங்கு உதவித்தொகையாகக் கிடைக்கும். இந்த அலைச்சலைப் பார்த்தே பல பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கோ அந்த அலைச்சல்தான் உதவியது, ஏனென்றால் மகள் போய் இறங்குவதற்குள் அந்த வீட்டு அம்மாவோடு எனக்கு நாலு முறை பேசிப் பழக்கமாகிவிட்டது.

திருச்சியிலிருந்து என் அம்மா போனில் ஒரே வார்த்தை கேட்டார், "வயசுக்கு வந்த பொண்ண முன்னப்பின்ன தெரியாத வீட்ல மூணு மாசம் விடுவியா?" நானும் அதே பயத்தில்தான் இருந்தேன். அந்த வீட்டுப் பெண் முதலில் நம் வீட்டுக்கு வந்து இருந்துவிட்டுப் போகட்டும் என்று வரிசையை மாற்றிக் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். உங்களுக்கும் பயம் இருந்தால் இப்படியே கேட்டுப் பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொரு தயக்கமும் இருந்தது, இதை யாரும் வெளியே சொல்வதில்லை. ஜெர்மனியைப் பார்க்க வருகிற பிரெஞ்சுப் பிள்ளைக்கு நம் தமிழ் வீடு ஜெர்மன் வீடாகத் தோன்றுமா, ஏமாந்துபோகுமா என்று. மகளின் பிரெஞ்சு ஆசிரியையிடம் கேட்டேவிட்டேன். உங்கள் மகள் இங்கே படிக்கிறாள், இங்கே வாழ்கிறாள், இதுவும் ஜெர்மன் வீடுதான் என்றார். அந்தப் பிரெஞ்சுப் பெண் 2022 செப்டம்பரில் வந்தாள். காலையில் ரொட்டியும் வெண்ணெயும், ராத்திரி தோசை, வாரத்தில் ஒருநாள் அவளே கிரெப் என்கிற பிரெஞ்சு தோசை ஊற்றுவாள், தோசைக்கல்லிலேயே. எங்கள் குடியிருப்பில் மாடிப்படியும் வாசலும் பெருக்கித் துடைக்கிற கேர்வோகே முறை உண்டு, எங்கள் ஸ்வாபியா வட்டாரம் முழுக்க இருக்கிற பழக்கம், முறை வருகிற வாரம் கதவில் பலகை தொங்கும். எங்கள் முறை வந்தபோது அவளும் மகளும்தான் துடைத்தார்கள். ஊருக்குப் போய் ஜெர்மனி எப்படி இருந்தது என்று அவள் வகுப்பில் பேசவேண்டி வந்தபோது, அந்தப் பலகையின் படத்தையும் கார்த்திகைக்கு எங்கள் பால்கனியில் வரிசையாக ஏற்றி வைத்த விளக்கின் படத்தையும் அடுத்தடுத்துக் காட்டினாளாம். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடமாக இந்த நாட்டில் விருந்தாளி போலவே இருந்த நான், ஒரு பிள்ளைக்கு இந்த நாட்டைக் காட்டியவளாக அன்றைக்கு என்னை உணர்ந்தேன்.

மகள் 2023 பிப்ரவரியில் திஜோன் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போனாள். ஓய்வு வயதை 62 லிருந்து 64 ஆக்குவதை எதிர்த்து பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம் நடந்த சமயம். அந்த வீட்டு அம்மா நர்ஸ். பகலில் ஊர்வலத்துக்குப் போய்விட்டு ராத்திரி ஷிப்டுக்குப் போனார். ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் பல நாள் வகுப்பு நடக்கவில்லை. மகளுக்கு இது நம்ப முடியாததாக இருந்தது, ஏனென்றால் ஜெர்மனியில் அரசு ஊழியர் தகுதியில் இருக்கிற ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. இங்கத்திய அரசியல் சாசன நீதிமன்றம் 2018 இல் அதை மறுபடி உறுதி செய்தது. முதல் வாரம் போனில் "இவங்க எப்பப் பாத்தாலும் ஸ்ட்ரைக் பண்றாங்கம்மா" என்றாள். ஒரு வாரப் பயணமாக இருந்திருந்தால் அந்த வாக்கியத்தோடு திரும்பியிருப்பாள். எட்டாவது வாரத்தில் அந்த அம்மாவின் முதுகு வலியைப் பற்றியும், 64 வயதில் நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பது எப்படி இருக்கும் என்பதைப் பற்றியும் பேசினாள். எதிர்ப்பக்கத்து வாதமும் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வீட்டு அப்பா மனைவியோடு ஒத்துப்போகவில்லை, மேசையில் தினமும் வாக்குவாதம்.

பள்ளியும் அப்படித்தான். இங்கே வகுப்பில் கை தூக்கிப் பேசுவதற்கே மார்க்கில் பெரும் பங்கு, அங்கே எழுதுவதற்குத்தான் மதிப்பு, இருபதுக்கு இத்தனை என்று. இங்கே மதபாடம் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது, வேண்டாதவர்கள் நெறிமுறைப் பாடத்துக்குப் போவார்கள். அங்கே அல்சாஸ், மொசெல் பகுதியைத் தவிர அரசுப் பள்ளியில் மதபாடமே கிடையாது. 2004 சட்டப்படி வெளிப்படையான மத அடையாளத்தோடு பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது. ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் நேரெதிர் ஒன்று, இரண்டு பக்கமும் தங்களுடையதுதான் இயல்பு என்று நினைக்கிறார்கள். மகள் அதுவரை ஐரோப்பியர்கள் இப்படி, ஐரோப்பாவில் இப்படி என்று பேசுவாள். திரும்பி வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

அந்த வீட்டில் தாத்தா ஒருவர் இருந்தார். அவருடைய அப்பாவை 1943 இல் கட்டாய வேலைக்காக ஜெர்மனிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முதல் சில நாள் அவர் மகளிடம் அதிகம் பேசவில்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தக் காலத்தைப் பற்றி உங்கள் பள்ளியில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டார். மகள் திணறிப் போயிருக்கிறாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா அப்போது லால்குடியில் நெல் விதைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கேட்டவருக்கு அவள் ஜெர்மனியிலிருந்து வந்த பிள்ளை. எதையும் மறைக்காமல் சொல்லித் தருகிறார்கள், நாஜிகளின் வதைமுகாம் இருந்த இடத்துக்கும் கூட்டிப்போகிறார்கள் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அவர் பழைய புகைப்படங்களை எடுத்துவந்து காட்ட ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் சொன்னது இது: "அங்க என்ன எல்லாரும் ஜெர்மன் பொண்ணுன்னுதான் சொன்னாங்க. இங்கதான் எந்த ஊர்னு கேக்குறாங்க." அவளை ஜெர்மனிக்காரி ஆக்கியது பிரான்ஸ். நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாத விஷயம் இது, இடம்பெயர்ந்து வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இதற்காகவே ஒரு எக்ஸ்சேஞ்ச் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டு பக்கமும் போய் வருவதை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு சமூக உளவியலிலும் ஆதாரம் இருக்கிறது. வேற்று மனிதர்களோடு பழகினால் தப்பபிப்பிராயம் குறையும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954 இல் எழுதியபோதே நிபந்தனைகளையும் சேர்த்துச் சொன்னார். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், ஒத்துழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். விருந்தாளியாக மட்டும் இருக்கிறவருக்குச் சம நிலை கிடைக்காது, உபசரிக்கிறவரின் கை எப்போதும் மேலேதான் இருக்கும். நம் வீட்டில் அந்தப் பிரெஞ்சுப் பெண்ணுக்கு வீட்டு ஏக்கம் வந்து பாத்ரூமில் அழுததை மகள் பார்த்திருந்தாள். அங்கே போய்த் தனக்கு அதே அழுகை வந்தபோது, மறைக்காமல் அவளிடமே போய் உட்கார்ந்தாள்.

சரி, பாஸ்போர்ட். என் மகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட், ஜெர்மன் குடியிருப்பு அட்டை. ஷெங்கன் என்பது பொது விசா வைத்திருக்கிற ஐரோப்பிய நாடுகளின் கூட்டு; அதில் ஒரு நாட்டின் குடியிருப்பு அனுமதி இருந்தால் இன்னொரு ஷெங்கன் நாட்டில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். 84 நாள் அதற்குள் அடங்கும், ஆனால் மிச்சம் ஆறே நாள்தான். அதே அரையாண்டில் பாரிஸுக்குக் குடும்பச் சுற்றுலா, ஆம்ஸ்டர்டாமில் சித்தி வீடு என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும், நாட்களை எழுதி வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். அட்டை அந்தக் காலத்துக்குள் காலாவதி ஆகிறதா என்பதையும் பாருங்கள். எல்லையில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிட முடியாது, 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லையிலும் சோதனை வைத்திருக்கிறது. மகளுக்கு பஸ்ஸில் இது நடந்திருக்கிறது. வகுப்பில் மற்றவர்கள் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார, அவளுடைய பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கிப் புரட்டினார்கள். அதுவும் அவள் தெரிந்துகொண்ட ஐரோப்பாதான்.

இதனாலேயே ஆறு மாதத் திட்டமான வோல்ட்டேரை எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்கு நான் இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். 2000 லிருந்து நடக்கிறது, ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே, ஜோடி சேர்ப்பதை இளைஞர் அலுவலகமே பார்த்துக்கொள்கிறது. நல்ல திட்டம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மொழி என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது, ஆறு மாதம் இருந்து வந்த பிள்ளைகள் பிரெஞ்சில் கனவு காண்கிறார்கள். ஆனால் 90 நாளைத் தாண்டுவதால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பிள்ளைக்கு பிரான்சின் நீண்டகால விசா வேண்டும். இரண்டு பிள்ளைகளும் தொடர்ந்து ஒரு வருடம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் இருவருக்கும் கஷ்டம், பெற்றோருக்கும்தான். ஒத்துப்போனால் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். ஜெர்மன் பாஸ்போர்ட், தைரியமான பிள்ளை, வீட்டில் ஒரு அறை காலி என்று மூன்றும் இருந்தால் தயங்காதீர்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மூன்று மாதமே போதும், ஏனென்றால் மகளுக்கு எல்லாம் பிடிபட ஆரம்பித்தது ஆறாவது ஏழாவது வாரத்தில். பதினெட்டாவது வாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

மகன் விஷயம் வேறு. அவன் ஆறாம் வகுப்பில் பிரெஞ்சுக்குப் பதிலாக லத்தீன் எடுத்தவன், எங்கள் சம்மதத்தோடுதான். பிரான்ஸ் வாய்ப்புகள் அவனுக்கு அதனாலேயே சுருங்கிவிட்டன, சின்ன வகுப்பில் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இரண்டாம் மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தாளில் இருந்தவை இரண்டு. ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ் குழுப் பயணம். போர்ச்சுகல், இத்தாலி, ஃபின்லாந்து என்று மூன்று நாட்டுப் பிள்ளைகளோடு ஒரு வாரம், தண்ணீரைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட், எல்லாம் ஆங்கிலத்தில். செலவைத் திட்டமே பார்த்துக்கொள்ளும், ஆனால் தங்குவது ஹாஸ்டலில், பதிலுக்கு யாரும் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. நாலு நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகச் சிரித்துப் பேசி ஒரு போஸ்டர் செய்வது அழகுதான், நான் மறுக்கவில்லை. அங்கே கிடைப்பது நண்பர்கள், ஒரு நல்ல வாரம், யாருடைய தாய்மொழியாகவும் இல்லாத ஒரு மொழியில் மேலோட்டமான பேச்சு. எராஸ்மஸிலேயே தனியாக ஒரு பிள்ளை 30 நாளிலிருந்து ஒரு வருடம் வரை இன்னொரு நாட்டுப் பள்ளியில் போய்ப் படிக்கிற வழியும் இருக்கிறது, பல பள்ளிகள் அதை வாய் திறந்து சொல்வதில்லை. ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்.

இன்னொன்று போலந்து. கிராகோவ் பக்கம் ஒரு பள்ளி, பத்து நாள், வீட்டில் தங்கல், வசந்தத்தில் அவர்கள் இங்கே வருவார்கள். அங்கே நிறையப் பிள்ளைகள் பள்ளியில் ஜெர்மன் படிக்கிறார்கள், அதனால் அவன் ஜெர்மனிலேயே பேசிக்கொள்ளலாம். பிரான்சுக்கு இருப்பதைப் போல போலந்துக்கும் ஓர் இளைஞர் அலுவலகம் 1991 லிருந்து இருக்கிறது, போட்ஸ்டாமிலும் வார்சாவிலும், 30 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் அதன் வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். இருந்தாலும் நம் பெற்றோர்களிடம் பிரான்ஸ் என்றால் முகம் மலர்கிறது, போலந்து என்றால் "அங்கே என்ன இருக்கிறது?" என்கிறார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன். பிரான்ஸ் பக்கம் போகிற பிள்ளை பார்ப்பது சமாதானமாகி அறுபது வருடம் ஆன ஐரோப்பாவை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து ஜெர்மனியின் கேல் ஊருக்கு ட்ராமிலேயே ஆற்றைத் தாண்டுகிறார்கள், எல்லை என்பதே மறந்துபோகும். போலந்தில் அந்த மறதி கிடையாது. 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததை அங்கே பிள்ளைகளின் பெற்றோர்கள் நேரில் அனுபவித்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஐரோப்பா என்பது பிறந்தபோதே கையில் இருந்த பொருள் அல்ல. 2022 இல் உக்ரைனிலிருந்து ஓடிவந்த குடும்பங்களைத் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்தவர்கள் அந்த ஊர்களில் உண்டு. வகுப்பில் உக்ரைன் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கிராகோவிலிருந்து நாஜிகளின் வதைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸ் சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தே அங்கே போகிறார்கள். ஜெர்மன் பள்ளியிலிருந்து தனியாகப் போவதும் பக்கத்தில் ஒரு போலந்துப் பிள்ளை நடந்துவர அங்கே போவதும் ஒன்றல்ல. பிரான்சையும் போலந்தையும் இரண்டு தட்டில் வைத்தால், இன்றைய ஐரோப்பா எதைக் கண்டு பயப்படுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் போலந்துத் தட்டுதான் தாழ்கிறது.

மற்ற இரண்டை வேகமாகச் சொல்லிவிடலாம். ஈட்வினிங் என்று 2005 லிருந்து இணையம் வழியாகப் பள்ளிகளைச் சேர்க்கிற ஏற்பாடு இருக்கிறது, பயணத்துக்கு முன்னால் பழகிக்கொள்ள நல்லது, பயணத்துக்குப் பதிலாக ஆகாது. 18 வயதானால் டிஸ்கவர்இயூ, 2018 இல் தொடங்கியது, இணையத்தில் வினாடிவினா எழுதித் தேர்வானால் ஒரு மாதம் வரை ரயில் பாஸ். இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் சொன்ன யோசனையிலிருந்து பிறந்த திட்டம் அது. கட்டாயம் விண்ணப்பியுங்கள், ஆனால் அது சுற்றிப் பார்க்க. ஏற்கெனவே நாலு ஊரில் தெரிந்த வீடு இருக்கிற பிள்ளை அந்தப் பாஸை வைத்துக்கொண்டு செய்கிற பயணமே வேறாக இருக்கும்.

ஒரு விஷயம் எனக்கு மனசை உறுத்துகிறது. இந்தத் தாள் ஜிம்னாசியப் பிள்ளைகளுக்குத்தான் சுலபமாக வருகிறது. பத்தாம் வகுப்போடு முடிகிற ரியால்ஷூலேயில் படிக்கிற, தொழிற்பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கு வருவது குறைவு. தெரசா கூன் என்கிற ஆய்வாளர் 2012 இலேயே இதைச் சுட்டிக் காட்டினார். பல்கலைக்கழக மாணவர்கள் எப்படியும் ஐரோப்பாவை நேசிக்கிறவர்கள், பரிமாற்றத் திட்டங்கள் போய்ச் சேர வேண்டியது மற்றவர்களிடம் என்பது அவர் வாதம். நம் குடும்பங்களிலும் தொழிற்கல்வியில் இருக்கிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு ப்ரோடாண்டெம் இருக்கிறது, சார்புரூக்கனில் 1980 லிருந்து இயங்குகிற அமைப்பு, தச்சு, சமையல், மோட்டார் மெக்கானிக் படிக்கிற பிரெஞ்சு ஜெர்மன் பிள்ளைகளைக் குழுவாக மாற்றி அனுப்புகிறது. அங்கே பட்டறையில் ஒரே எஞ்சினை இரண்டு பேர் சேர்ந்து பிரிக்கிறார்கள், மொழி அரைகுறையாக இருந்தாலும் வேலை பொதுவானது. ஆல்போர்ட் கேட்ட நிபந்தனைகள் ஜிம்னாசியப் பயணங்களை விட அங்கேதான் அதிகம் நிறைவேறுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பிள்ளை தொழிற்பள்ளியில் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

போனதால் என்ன மாறியது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சம்பவம். 2024 ஜூன் 9 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஜெர்மனியில் முதல்முறையாக 16 வயதுப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள். மகளின் வகுப்பில் பாதிப் பேர் போட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் அவளுக்கு ஓட்டு இல்லை. பிரான்சில் வயது வரம்பு 18 என்பதால் அவள் தோழிக்கும் இல்லை. ஓட்டில்லாத இரண்டு பேரும் அன்று ராத்திரி வீடியோவில் உட்கார்ந்து முடிவுகளைப் பார்த்தார்கள், பிரெஞ்சு அதிபர் மக்ரோன் தன் நாட்டு நாடாளுமன்றத்தைக் கலைக்கிறேன் என்று அறிவித்தபோது அந்தப் பக்கம் தோழி கத்தியது எங்கள் கூடம் வரைக்கும் கேட்டது, நர்ஸ் அம்மாவும் வந்து திரையில் தலை நீட்டி எங்களிடம் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். இவ்வளவு வருடத்தில் ஐரோப்பாவின் ஒரு தேர்தலைப் பற்றி என் கருத்தை யாரும் கேட்டதில்லை. நான் சொன்னேன், அவர் மறுத்துப் பேசினார், ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

மகனுக்குப் போலந்து என்று முடிவாகிவிட்டது. எராஸ்மஸ் வாரம் வேண்டும் என்று முதலில் அவன் அடம்பிடித்தான், நண்பர்கள் எல்லாம் அதில் போகிறார்களாம். எனக்கும் அது புரிகிறது, அதனால் ஒத்துவந்தால் அடுத்த வருடம் அதிலும் பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வரப்போகிற பையன் டேபிள் டென்னிஸ் ஆடுவான் என்று தெரிந்ததும் அவனே படிவத்தை நிரப்பிவிட்டான். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். படிவத்தில் விருந்தாளிக்குத் தனிப் படுக்கை உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது, மகள் தன் அறையைக் கொடுத்துவிட்டு என்னோடு படுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள், ஆனால் அலமாரியில் கீழ்த்தட்டை மட்டும்தான் காலி செய்வாளாம். அதைத்தான் இப்போது பேசித் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.